காலி வண்டி எடை

கோபாலபுரம் தாண்டினால் கேரளா.
தாண்டுவதற்கு முன் என் எடைமேடை:
அறுபது டன் தாங்கும் இரும்புத் தளம்,
கண்ணாடிக் கூண்டு, சத்தம் போடும் மின்விசிறி,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான்.
மேற்கே போகிறவன் அக்கா என்பான்,
கிழக்கே வருகிறவன் சேச்சி.
ரத்னகலா என்று கூப்பிடுவது
சம்பளப் பட்டியல் மட்டும்.

போனில் ஒரு ஆப் கேட்கிறது:
உங்கள் முதலீடு ஒரே மாதத்தில்
இருபது சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?
அ. விற்றுவிடுவேன்.
ஆ. காத்திருப்பேன்.
இ. இன்னும் வாங்குவேன்.
சிவதாசனிடம் எப்படிச் சொல்வதென்று யோசிப்பேன்
என்பதற்கு எழுத்தே ஒதுக்கவில்லை.

ஆனி மாதம் பார்த்தேன்,
ராத்திரிக்கு நாற்பது லாரி சிமெண்ட்.
எல்லா மூட்டையிலும் ஒரே பச்சை முத்திரை.
நாற்பது!
இந்த நாட்டில் வேறு யாருக்குத் தெரியும் இது,
எனக்கும் இந்தத் தளத்துக்கும் தவிர?
தீபாவளிக்கென்று வைத்திருந்த பன்னிரண்டாயிரத்தை
அந்தக் கம்பெனிப் பங்கில் போட்டேன்.
சொந்தக் கண்ணால் பார்த்ததாயிற்றே.

காலாண்டு முடிவு வந்தது. நஷ்டம்.
தேங்கிய சரக்கை அடிமாட்டு விலைக்குத்
தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள், என் மேடை வழியாகவே.
லாரியை எடை போடலாம்,
அதற்குள்ளே லாபம் எத்தனை கிலோ என்று
எந்த முள்ளும் காட்டாது.
ஏழாயிரத்துச் சொச்சம், சிவப்பு எழுத்தில்.
விற்கவில்லை. பொறுமை என்று நினைக்க வேண்டாம்,
பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு கல் லாரி.
மொத்த எடை சட்டத்துக்குள். சீட்டு அடித்துக் கொடுத்தேன்.
இருபதடி போனவன் இறங்கி வந்தான்:
'சேச்சி, ஸ்டியரிங் காத்துல நிக்குது.'
அச்சு அச்சாக ஏற்றிப் பார்த்தோம்.
அத்தனை கல்லும் பின்னச்சின் மேல்,
முன்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும்.
ஏழு கல்லை முன்னால் நகர்த்தினார்கள்.
ஒரு கிலோ குறையவில்லை.
வண்டி மட்டும் வேறு வண்டியாகிவிட்டது,
வளைவில் திரும்பி
கணவாய்க் காற்றுக்குள் போனது.

அன்றிரவே எழுதினேன், எடைச்சீட்டின் பின்பக்கம்:
ஐம்பது கம்பெனி சேர்ந்த இண்டெக்ஸ் ஃபண்டு, ஆயிரத்து ஐநூறு.
கடன் பத்திர ஃபண்டு, ஆயிரம்.
தனிப் பங்கு, ஒன்றும் வேண்டாம், பார்த்தாயிற்று.
தங்கம்
என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

தங்கம் இருக்கிறது.
இரண்டு வளையல், கொழிஞ்சாம்பாறையில்,
ஒரு ஃபைனான்ஸ்காரனின் இரும்புப் பெட்டியில்.
நாற்பத்தெட்டாயிரம் கடன், நூற்றுக்குப் பதினெட்டு வட்டி.
நான் கூண்டில் கொட்டாவி விடும்போதும்
அது விழித்திருந்து வேலை செய்கிறது,
எனக்காக அல்ல.

இந்த வேலையின் முதல் பாடமே அதுதான்:
சரக்கோடு ஏற்று, காலியாக ஏற்று, கழி.
காலி எடை தெரியாமல் சரக்கு எடை சொல்கிறவனை
எந்த வியாபாரியும் நம்ப மாட்டான்.
பதினோரு வருஷமாய் ஊரார் வண்டியைக் கழித்துக் கொடுத்தவள்
என்னைக் காலியாக நிறுத்திப் பார்த்ததில்லை.

எந்த ஃபண்டு பதினெட்டு தரும்,
மழையிலும் வெயிலிலும், கண்டிப்பாக?
அடைக்கிற கடன் தரும்.
மாதம் இரண்டாயிரத்து ஐநூறு அங்கே,
இருபத்து மூன்று மாதம் என்கிறது கால்குலேட்டர்.
ஐநூறு மட்டும் இண்டெக்ஸுக்கு,
எஞ்சின் அணையாமல் இருக்க.

சிவதாசனிடம் சொன்னேன்.
சீட்டுக் கம்பெனி ஷட்டர் முன்னால்
ஒரு பகல் முழுக்க நின்றவன் அவன்.
சிமெண்ட் என்றதும் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை.
பிறகு கேட்டான்,
'பாஸ்வேர்டு என் பழைய வண்டி நம்பரா?'

அதேதான்.
திறந்தால் ஒன்பதாயிரத்துக்கு ஏறியிருந்தது.
இன்னும் ஏறலாம். ஏறும் என்றுதான் தோன்றியது.
அ.

வெளியே இளநீர் லாரி ஹாரன் அடிக்கிறது.
ஏறுங்கள், ஏறுங்கள், டிரைவர் இறங்கி நில்லுங்கள்.
உங்கள் எடையும் சேர்ந்துவிடும்.